அரசியல் அடையாளம் சொல்லும் இணையச் சோதனைகள்: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

தாம் இடதுசாரியா, தாராளவாதியா, தேசியவாதியா என்று தெரிந்துகொள்ள விரும்புவோருக்கென இணையத்தில் உள்ள சோதனைகளுள் இரண்டு மிகப் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று 2001 இல் தொடங்கிய பொலிட்டிக்கல் கொம்பஸ். மற்றையது அதற்குப் பின்னர் வந்த 8வேல்யூஸ். இரண்டும் இலவசமானவை. கைத்தொலைபேசியில் தடங்கலின்றி இயங்குகின்றன. திருகோணமலை உவர்மலையில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணவர்களும் ஓய்வுபெற்ற அரச ஊழியர்களும் ஒன்றாக அமர்ந்து இவ்விரண்டையும் செய்து, விடைகளை ஒப்பிட்டுப் பேசினோம். ஆங்கிலக் கூற்றுகளைத் தமிழில் வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்நாட்டுப் பொருளாதாரம், தனிமனித சுதந்திரம், சமய மரபு ஆகியவற்றில் ஒருவர் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க இவை உதவுகின்றன, ஆனால் வெளிநாட்டுக் கொள்கையில் இவை தரும் எண்ணுக்கு, பிற நாடுகளின் கண் எப்போதும் பதிந்திருக்கும் ஒரு துறைமுக நகரத்தவருக்கு, ஏறக்குறைய எந்தப் பொருளும் இல்லை.

பொலிட்டிக்கல் கொம்பஸில் 62 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வலுவாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், உடன்படவில்லை, வலுவாக உடன்படவில்லை என்ற நான்கு விடைகளே உண்டு. நடுநிலை என்ற தெரிவு கிடையாது. முடிவில் இரண்டு அச்சுகள் கொண்ட ஒரு சதுரத்தில் உங்கள் புள்ளி காட்டப்படும்: கிடையச்சு பொருளாதார இடதையும் வலதையும், நிலையச்சு அதிகாரச் சார்பையும் சுதந்திரச் சார்பையும் குறிக்கும். உலகமயமாக்கல் பல்தேசியக் கம்பனிகளுக்குப் பயன்பட வேண்டுமா மனிதகுலத்துக்குப் பயன்பட வேண்டுமா என்று கேட்கும் முதற் கூற்று சிந்திக்கத் தூண்டுவதாக இருந்தாலும், அதில் இரண்டு பக்கமும் சமமாக எடையிடப்படவில்லை என்பதை எங்கள் மாணவர் ஒருவர் வாசித்த மாத்திரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். மனிதகுலத்துக்கு எதிராக யார் வாக்களிப்பார்? எந்தக் கூற்றுக்கு எவ்வளவு எடை என்பதை இத்தளத்தினர் வெளியிடாதது இதைவிடப் பெரிய குறை. சோதிடம் பல விடயங்களைச் சரியாக விளக்குகிறது என்ற கூற்றும் இதில் உண்டு. சோதிடர் குறித்துக் கொடுத்த நாளிலேயே 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தல் முன்கூட்டி வைக்கப்பட்டதாகப் பரவலாகப் பேசப்பட்ட ஒரு நாட்டில், அது தனிமனித நம்பிக்கை பற்றிய கேள்வி மட்டுமன்று.

8வேல்யூஸ் இவ்வகையில் மேலானது. இதில் 70 கூற்றுகளும், நடுநிலையையும் சேர்த்து ஐந்து விடைகளும் உள்ளன. சமத்துவம்–சந்தை, தேசம்–உலகம், சுதந்திரம்–அதிகாரம், மரபு–முன்னேற்றம் என்ற நான்கு அச்சுகளில் உங்கள் நிலை நூற்றுவீதமாகக் காட்டப்படும். ஒவ்வொரு கூற்றும் எந்த அச்சை எவ்வளவு நகர்த்துகிறது என்பது சோதனையை இயக்கும், பகிரங்கமாக உள்ள கணினி மூலநிரலிலேயே இருப்பதால், கணக்கை விரும்பியவர் சரிபார்த்துக்கொள்ளலாம். இறுதியில், உங்கள் எண்களுக்கு மிக அண்மையில் உள்ள ஒரு கொள்கைப் பெயரும் தரப்படும். அந்தப் பெயரைப் பொருட்படுத்தாமல் விடுவதே நல்லது என்பதற்கான காரணங்களை இனிச் சொல்கிறேன்.

பொருளாதார அச்சை எடுத்துக்கொள்வோம். அரசே எல்லோருக்கும் மருத்துவச் செலவைப் பொறுப்பேற்க வேண்டும், மின்சாரமும் வீதிகளும் பொதுவுடைமையாக இருக்க வேண்டும் என்பன போன்ற கூற்றுகளுக்கு எங்கள் வட்டத்தில் மாற்று விடை சொல்லத் தயங்காதவர் மிகச் சிலரே. 1945 முதல் இலவசக் கல்வியும், அதையொட்டி வளர்ந்த இலவச மருத்துவமனைச் சேவையும் இந்நாட்டில் எந்தக் கட்சியினுடைய தனிச்சொத்துமாக இருக்கவில்லை. 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அரசாங்கமும் அவற்றை ஒழிக்கவில்லை. அமெரிக்காவில் இடதுசாரியின் அடையாளமாகக் கொள்ளப்படும் ஒரு விடை இங்கே பொதுப்புத்தியாக இருப்பதால், கடை நடத்துபவரும் தொழிற்சங்கக்காரரும் ஒரே சமூக சனநாயக அணியில் சேர்க்கப்பட்டு விடுகிறார்கள். 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனை அடைக்க முடியாது என்று அறிவிக்கப்பட்டு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் வந்த பின்னர், மின்கட்டண உயர்வும் அரச நிறுவன மறுசீரமைப்பும் பற்றி இவ்விருவரும் மேசையின் இரு பக்கத்தில் நின்று வாதிடுபவர்கள். அந்த வேறுபாட்டைப் பிடிக்கக்கூடிய கூற்று இச்சோதனையில் இல்லை. தேவாலயங்களுக்கு வரி விதிக்க வேண்டும் என்ற கூற்றில் நான் தேவாலயத்தின் இடத்தில் கோணேசர் கோயிலை வைத்து வாசித்தேன். முன்னேற்றவாதிகள் எல்லோரும் திடீரென மரபுவாதிகளாக மாறினார்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

இனித் தேசம்–உலகம் என்ற அச்சு. இதுவே இச்சோதனையின் வெளிநாட்டுக் கொள்கைப் பகுதி. இதற்காகவே நாங்கள் இதை முக்கியமாக எடுத்துக்கொண்டோம். அரசுகள் சர்வதேச சமூகத்துக்குப் பொறுப்புக் கூற வேண்டும் என்ற கூற்றுக்கு வட்டத்தில் இருந்த தமிழர்கள் பெரும்பாலும் வலுவாக உடன்பட்டார்கள். 2012 முதல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றி வந்த தீர்மானங்களை ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டெம்பரிலும் செய்தியில் எதிர்பார்த்துப் பழகிய ஒரு சமூகத்துக்கு அந்த விடை இயல்பானது. அதே ஆட்களே, தேசத்தின் இறைமையைப் பேணுவது முக்கியம் என்ற கூற்றுக்கும் துறைமுகத்தையும் அதனருகே உள்ள எண்ணெய்க் குதங்களையும் (சேமிப்புத் தாங்கிகளையும்) மனதில் வைத்து வலுவாக உடன்பட்டார்கள். ஒவ்வொரு விடையையும் எடையால் பெருக்கிக் கூட்டுவதே சோதனையின் கணக்கு முறை என்பதால், எதிரெதிர்த் திசையில் உள்ள இந்த இரண்டு அழுத்தமான நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றன. எதைப் பற்றியும் அக்கறையில்லாமல் எல்லாவற்றுக்கும் நடுநிலை என்று அழுத்தியவருக்கும் அதே எண்தான் கிடைக்கும். இரண்டு கூர்மையான கருத்துகளை வைத்திருப்பவரை மிதவாதி என்று அழைக்கும் அளவுகோல், அளவெடுக்கவில்லை, அழிக்கிறது.

இக்குறை வெறும் கணக்குக் கோளாறு அன்று. அமைதியைவிட வலிமை முக்கியமா, போருக்குப் பிற நாடுகளிடம் நியாயம் சொல்ல வேண்டுமா, நமது விழுமியங்களைப் பிற நாடுகளில் பரப்ப வேண்டுமா என்ற கூற்றுகள் யாவும், விடையளிப்பவரின் அரசு மற்றவர்கள்மீது செயற்படும் வல்லமையுள்ளது என்று எடுத்துக்கொண்டே கேட்கின்றன. மற்றவர்களின் கொள்கை வந்து இறங்கும் இடத்திலிருந்து ஒருவர் விடையளிக்கக்கூடும் என்பது சோதனையை ஆக்கியவர்களின் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் அவ்வகையானது. 1942 ஏப்பிரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியது, இங்கிருந்தவர்கள் எடுத்த எந்த முடிவின் விளைவும் அன்று. 1947 இன் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ்ப் பிரித்தானியக் கடற்படை சுதந்திரத்துக்குப் பின்னும் இங்கேயே தங்கியிருந்து, 1957 இல்தான் தளத்தைக் கையளித்தது. 1987 ஜூலை 29 இல் இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலன்களுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் திருகோணமலைத் துறைமுகம் கொடுக்கப்படாது என்று எழுதப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் பேரில் வந்த இந்திய அமைதி காக்கும் படையின் இறுதிப் பிரிவு 1990 மார்ச்சில் இத்துறைமுகத்திலிருந்தே கப்பலேறியது. பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்க் குதங்கள் பற்றி இந்தியத் தரப்புடன் செய்த 2022 ஜனவரி உடன்பாட்டில் 61 குதங்கள் இரு தரப்பினதும் கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் பிரிக்கப்பட்டன. அமைதி காக்கும் நடவடிக்கைகளை ஆதரிக்கிறீர்களா என்று இங்கே ஒருவரிடம் கேட்டால், எந்த ஆண்டு, எந்தப் படை, யாருடைய தெருவில் என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்கு ஐந்து பொத்தான்கள் போதாது.

வெளிநாட்டுக் கொள்கைக்கென்றே வேறு அடையாளங்களும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் வால்ட்டர் ரசல் மீட் தமது நாட்டின் மரபுகளை ஹமில்ட்டன், ஜெபர்சன், ஜக்சன், வில்சன் ஆகியோர் பெயரால் நான்காகப் பிரித்தார்: வணிகத்தை முன்னிறுத்துவோர், வெளிச்சிக்கல்களில் மாட்டாமல் உள்நாட்டுச் சுதந்திரத்தைக் காக்க நினைப்போர், தேசத்தின் மானத்துக்கு இழுக்கு வந்தால் கடுமையாக அடிக்க வேண்டும் என்போர், சனநாயகத்தையும் சர்வதேசச் சட்டத்தையும் பரப்ப விரும்புவோர். அமெரிக்கச் செய்திகளை வாசிக்க இவை மிகப் பயனுள்ளவை. நம்மைப் பற்றிப் பேச உதவாதவை. 1952 இல் கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், பிரித்தானியத் தளம் இங்கே இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அரிசித் தட்டுப்பாட்டினால் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. 1971 இல் இலங்கை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் சபையில் முன்னின்று கொண்டுவந்ததும், 1976 இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டைக் கொழும்பில் நடத்தியதும் ஒரு சிறிய அரசின் தற்காப்புக் கணக்குகள். பெரிய நாடுகளுள் ஒன்றின் பக்கம் சாய்வதா, ஒன்றை மற்றொன்றால் சமப்படுத்துவதா, எல்லோரிடமிருந்தும் விலகி நிற்பதா என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டிருந்தால், எங்கள் வட்டம் 8வேல்யூஸின் எழுபது கூற்றுகளைவிடத் தெளிவாகப் பிரிந்திருக்கும்.

இரண்டு சோதனைகளுக்கும் பொதுவான மற்றொரு பெருங்குறை, மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வு பற்றிய மௌனம். தனிமனிதர் ஒரு பக்கம், அரசு மறு பக்கம் என்று மட்டுமே சுதந்திர அச்சு பார்க்கிறது. 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி சமஷ்டிக் கோரிக்கைக்குக் காலக்கெடு விதித்த மாநாடு கூடியது இதே திருகோணமலையில். அன்று முதல் இன்றுவரை இப்பகுதித் தமிழ் வாக்காளர் ஒருவரின் தெரிவை வரி வீதத்தைவிட அக்கேள்வியே அதிகமாகத் தீர்மானித்து வந்திருக்கிறது. இடது என்ற அடையாளம் இதில் வழிகாட்டுவதில்லை என்பதற்கு இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவே போதும். ஒரு மொழியைத் திணித்தால் இரண்டு நாடுகள் உருவாகும் என்று 1956 இல் எச்சரித்த அவரே, 1972 இல் சிங்களத்தின் முதன்மையை உறுதிசெய்த அரசியலமைப்பின் பொறுப்பமைச்சராக இருந்தார். பொருளாதார அச்சில் அவர் புள்ளி ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது.

பத்தே கேள்விகள் கொண்ட ஓர் அமெரிக்க வினாத்தாளும் உண்டு. 1971 இல் டேவிட் நோலன் வெளியிட்ட வரைபடத்தை அடியொற்றியது. அரசாங்கம் தலையிடாமை என்ற ஒரு கொள்கைக்கு ஆள் சேர்க்கும் நோக்கம் அதில் வெளிப்படையாகத் தெரிவதால், அதற்கு நேரம் செலவிடத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகும் 8வேல்யூஸை நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் தனியே அமர்ந்து செய்வதற்காக அன்று. கட்சியின் பெயரையும் தலைவரின் முகத்தையும் வைத்தே ஆளை அளந்து பழகிய எங்களுக்கு, ஒரு கூற்றை முன்வைத்து ஏன் உடன்படுகிறீர்கள் என்று கேட்பது பேச்சின் போக்கையே மாற்றியது. செய்பவர்கள் கூற்றுகளைத் தாளில் எழுதி, வெளிநாட்டுக் கொள்கை தொடர்பான ஒவ்வொன்றுக்கும் அருகில் எந்த நாட்டை நினைத்து விடையளித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தியா, சீனா, அமெரிக்கா என்று தனித்தனியே நிரப்பியபோது ஒரே ஆளுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் வந்தன. முடிவுப் பக்கத்தின் எண்ணைவிட அந்த ஓரக்குறிப்புகளே வாசிக்கத் தக்கவை.

மூலநிரல் திறந்திருப்பதால் பலர் அதைப் பிரதியெடுத்துத் தத்தமக்கேற்ற சோதனைகளை உருவாக்கியிருக்கிறார்கள். எங்கள் மாணவர்களும் இந்நாட்டுக்கேற்ற கூற்றுகளை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். காணி அதிகாரம் மாகாண சபையிடம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. எந்த நாட்டுப் போர்க்கப்பலும் எரிபொருள் நிரப்ப இத்துறைமுகத்துக்கு வரலாம் என்பது மற்றொன்று. மூன்றாவது கூற்று இழுவைப்படகுகள் பற்றியது. கடலடியை வாரும் இழுவைமடி முறை 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் தமிழகத்திலிருந்து வடக்குக் கடலுக்கு வரும் படகுகளைக் கடற்படை பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியபோது, சோதனையில் உலகம் என்ற பக்கம் மிக அதிகமாகச் சாய்ந்திருந்தவர்களே முதலில் வலுவாக உடன்பட்டார்கள். இறைமை பற்றி உரத்துப் பேசியவர்களுள் சிலர், மறுகரையில் இருப்பவர்களும் நம்மவர்கள்தாமே என்று தயங்கினார்கள். அக்கூற்றை எந்த அச்சில் சேர்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.