வகுப்பு விதிகளை யார் எழுதுவது?

கொழும்பில் தமிழ் மொழிமூல உயர்தர வகுப்பில் வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளையும் மாளிகாவத்தை முஸ்லிம் பிள்ளையும், பெற்றோர் மலையகத்து ஹட்டனிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறிய பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கலாம். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், தமிழர்மீதான 1983 ஜூலை வன்முறை, 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டது, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்: எதை எடுத்தாலும் ஒருவருக்கு அது பாடம், பக்கத்தில் இருப்பவருக்கு வீட்டுக் கதை. இவற்றை வகுப்பில் பேசத் தொடங்குமுன் விதி வேண்டும். அதை யார் எழுதுவது?

ஆசிரியரே எழுதி வந்தால் வேலை சுலபம். 40 நிமிடப் பாடவேளையில் ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் "பிறர் கருத்தை மதிக்கவும்" ரகம். யாரும் மறுக்கமாட்டார்கள், யாரும் கணக்கெடுக்கவும் மாட்டார்கள்.

வகுப்பே எழுதினால் ஒரு பாடவேளை முழுக்கப் போய்விடும். பரீட்சை நெருங்கும் தவணையில் அது சின்ன விலை இல்லை. ஆனாலும் துண்டுத்தாள் கொடுத்து, பெயர் போடாமல், "எப்படிப் பேசினால் நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "'உங்கட ஆக்கள் செய்ததுதானே' எண்டு என்னைப் பார்த்துச் சொல்லக்கூடாது" என்பதுபோல ஒரு வரி வரும். ஆசிரியரின் பட்டியலில் இவ்வளவு துல்லியமாக எதுவும் இராது. ஊரார் செய்ததற்கெல்லாம் பதினேழு வயதுப் பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை என்பதை அது நேரடியாகவே சொல்லிவிடுகிறது.

இந்த வழியிலும் ஒரு பொறி உண்டு. முப்பது பேரில் இரண்டே பேர் வேறு சமூகம் என்றால், கையுயர்த்தி வாக்கெடுப்பது அநியாயம். பெரும்பான்மை வாக்கு என்ன செய்யும் என்பதை 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டுமா? அதனால் வகுப்பே எழுதட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இரண்டு விதிகளை மட்டும் ஆசிரியர் வாக்குக்கு விடாமல் முதலிலேயே போட்டுவிட வேண்டும்: பேசாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு, ஃபோனில் பதிவு கூடாது.

இரகசியம் காப்பதிலும் இரண்டு வழிகள். "இங்கே பேசியது இங்கேயே" என்பது கேட்க நன்றாக இருக்கும், நிற்காது. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆசிரியரே அதை மீறத்தான் வேண்டும். 1927இல் லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் வகுத்த விதி அதைவிட நடைமுறைக்கு ஏற்றது: கேட்டதை வெளியே சொல்லலாம், சொன்னவர் யார் என்று சொல்லக்கூடாது. ஆனால் சிறிய வகுப்பில் கதையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 1983இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளில் அப்பப்பாவின் தம்பியும் ஒருவர் என்று ஒரு பிள்ளை சொன்னால், பெயரை மறைத்து என்ன பயன்? ஆகவே குடும்பக் கதைகளை, சொன்னவரைக் கேட்காமல் வெளியே கொண்டுபோகக்கூடாது என்றும் சேர்க்க வேண்டும்.

யார் எழுதினாலும், மீறினால் என்ன நடக்கும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். திட்டும் தண்டனையும் வேண்டாம். யாராவது "மூன்றாவது விதி" என்று சொன்னால் பேச்சு நிற்கும். பேசியவர் அதையே வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார், முடியாவிட்டால் அடுத்தவரின் முறை.