எலும்பு டெஸ்ட் ஃப்ரீன்னு கூப்பிட்டு அம்மாவுக்கு விட்டமின் டி ஊசி போட்ட கதை: வீட்ல பெரியவங்க இருந்தா படிங்க

கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிடுங்க. அம்மாவுக்கு 67 வயசு, திருச்சில இருக்காங்க, நான் சென்னைல. மூணு மாசத்துக்கு முன்னாடி அவங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஹால்ல ஒரு கிளினிக்காரங்க இலவச எலும்பு பரிசோதனை முகாம்னு போட்டாங்க. ஒரு சின்ன மிஷின்ல குதிகாலை வைக்க சொல்லி ரெண்டு நிமிஷத்துல ஒரு சீட்டு வந்துச்சாம், அதுல எலும்பு அடர்த்தி ஸ்கோர் மைனஸ் 2.9ன்னு போட்டு சிவப்பு கட்டத்துல ஒரு புள்ளி. "இப்படியே விட்டா இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்த படுக்கையா ஆயிடுவீங்கம்மா"ன்னு சொல்லிருக்காங்க. எங்க பாட்டி இடுப்பு உடைஞ்சு ஒன்றரை வருஷம் படுத்துதான் போனாங்க. அம்மா பயந்துட்டாங்க.

மறுநாள் கிளினிக்ல ஒரு பேக்கேஜ். வாரம் ஒரு விட்டமின் டி ஊசி, மொத்தம் எட்டு, அதோட கால்சியம் மாத்திரை காலைல ஒன்னு நைட்டு ஒன்னு, கூடவே கால்சிட்ரியால் கேப்ஸ்யூல். 7,500 ரூபா. இவ்வளவுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் கூட எடுக்கல. அம்மா பிபிக்கு என்ன மாத்திரை போடறாங்கன்னும் கேக்கல, அது ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

அந்த ஊசி ஒன்னுல 6 லட்சம் யூனிட். டி குறைவா இருக்கறவங்களுக்கு வழக்கமா வாரத்துக்கு 60,000 யூனிட் ஒன்னுன்னு எட்டு வாரம் தருவாங்க, எல்லாம் கூட்டினா 4 லட்சத்து 80 ஆயிரம். அதாவது எட்டு வாரத்துக்கு போக வேண்டியதை விட அதிகமா ஒரே ஊசில போச்சு, அப்படி ஆறு ஊசி போட்டாங்க, 36 லட்சம்.

நாலாவது ஊசிக்கு அப்புறம் அம்மாவுக்கு சாப்பாடே பிடிக்கல, மலச்சிக்கல் வேற. கிளினிக்ல கேட்டதுக்கு கால்சியம் மாத்திரை போட்டா அப்படித்தான் இருக்கும்னு ஒரு சிரப் கொடுத்து அடுத்த ஊசியும் போட்டு அனுப்பிட்டாங்க. அப்புறம் தண்ணி தாகம்னா அப்படி ஒரு தாகம், நைட்டு அஞ்சு தடவை பாத்ரூம், சுகரா இருக்குமோன்னு நானே ஃபோன்ல சொல்லி செக் பண்ண வச்சேன், சுகர் நார்மல். ஆறாவது ஊசி போட்ட வாரம் வாந்தி நிக்கல. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணா என்னைய பெரியம்மா பேரு சொல்லி கூப்பிடறாங்க, என்ன கிழமைன்னு கேட்டா தெரியல. அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.

ஆஸ்பத்திரில டூட்டில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா எல்லா மாத்திரையும் பையோட கொண்டு வாங்கன்னாங்க, பாத்த உடனே கால்சியம் டெஸ்ட்டுக்கு எழுதினாங்க. 14.2 வந்துச்சு. நார்மல் 8.5ல இருந்து 10.5 வரைக்கும்தான். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் போன வருஷம் 0.8, இப்போ 2.1. விட்டமின் டி 150க்கு மேலன்னு மட்டும் ரிப்போர்ட்ல இருக்கு, அந்த லேப் மிஷின் அளக்கறதே அவ்வளவுதானாம். பாராதைராய்டு ஹார்மோன் 6, குறைஞ்சது 15 இருக்கணும்.

அந்த ஹார்மோன் கணக்கை எண்டோக்ரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) சார் உக்காந்து புரிய வச்சார். கழுத்துல தைராய்டுக்கு பின்னாடி பருப்பு சைஸ்ல நாலு சுரப்பி இருக்கு, ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா அதுங்க ஹார்மோனை விட்டு எலும்புல இருந்தும் கிட்னி வழியாவும் கால்சியத்தை ஏத்தும், கூடினா வாயை மூடிக்கும். நாம போடற விட்டமின் டி லிவருக்கும் கிட்னிக்கும் போய் அதுவே ஒரு ஹார்மோனா மாறி குடல்ல இருந்து கால்சியத்தை இழுக்குது. அப்படி மாறின ரெடிமேட் சரக்குதான் கால்சிட்ரியால், அதையும் சேத்துதான் கொடுத்திருக்காங்க! கால்சியமும் அதிகம், பாராதைராய்டு ஹார்மோனும் அதிகம்னா அந்த சுரப்பில கட்டி இருக்கலாமாம். அம்மாவுக்கு சுரப்பி அடங்கி கிடக்கு, கால்சியம் மட்டும் ஏறிட்டே இருக்கு, வெளில இருந்து கொட்டினதுதான்னு அதுலயே தெரிஞ்சிடுச்சு. பிபி மாத்திரைல குளோர்தாலிடோன் இருந்துச்சு, அது யூரின்ல போற கால்சியத்தையும் தடுத்து உள்ளயே நிறுத்திடும்.

சலைன் ஏத்தினாங்க, கால்சியத்தை இறக்கற கால்சிடோனின் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒன்னுன்னு ரெண்டு நாள், அப்புறம் ஸ்டீராய்டு. எட்டு நாள் அட்மிட். வீட்டுக்கு வந்தும் முடியல, ஏன்னா விட்டமின் டி உடம்புக் கொழுப்புல போய் சேந்து மாசக்கணக்கா கசிஞ்சுட்டே இருக்கும். பால் தயிர் அளவு, வெயில்ல நிக்காம இருக்கறது, வாரா வாரம் ரத்தம் குத்தறதுன்னு இன்னும் ஓடிட்டு இருக்கு.

இதுல எனக்கு வயிறு எரியறது எதுன்னா, அப்புறம் எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரேல அளக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம், மைனஸ் 1.6. எலும்பு தேய்மான நோய்னு சொல்றதுக்கு மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழ இருக்கணும், அதுவும் இடுப்புலயோ முதுகெலும்புலயோ டெக்ஸால அளக்கணும். குதிகால் மிஷின் நம்பரை வச்சு அந்த முடிவுக்கு வரவே கூடாதாம். அம்மாவுக்கு இந்த ஊசில ஒன்னு கூட தேவைப்படல. ஆஸ்திரேலியாவுல 70 வயசு தாண்டின பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்து பாத்திருக்காங்க, 2010ல வந்த ஆய்வு, போட்டவங்கதான் போடாதவங்களை விட அதிகமா விழுந்து எலும்பை உடைச்சுக்கிட்டாங்களாம்.

கிளினிக்ல போய் கேட்டேன். "விட்டமின்தானே மேடம், அதிகமானா யூரின்ல போயிடும்"னாங்க. பி, சி போகும், டி போகாது. இது தெரியாம ஊசி போடறாங்களா இல்ல தெரிஞ்சேவான்னு எனக்கு இன்னும் புரியல. கேஸ் ஷீட் கேட்டா இல்லைன்னு சொல்லிட்டாங்க. எழுதி கொடுத்து கேட்டா 72 மணி நேரத்துல டாக்டர் ரெக்கார்ட் தரணும், 2002ல வந்த மருத்துவ கவுன்சில் விதில இருக்கு, அதை காட்டினதும் ஒரு பேப்பர் வந்துச்சு. கவுன்சிலுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு ரெடி பண்ணிட்டு இருக்கோம். மருந்தால பக்க விளைவு வந்தா சொல்ல 1800 180 3024ன்னு ஒரு டோல் ஃப்ரீ நம்பர் இருக்கு, அதுலயும் பதிஞ்சாச்சு. பில்லு, காலி ஆம்பூல், மருந்து அட்டை எதையும் தூக்கி போடாதீங்க, எங்களுக்கு இப்போ கைல இருக்கற ஆதாரமே அதான்.

இதை படிச்சிட்டு உங்க டாக்டர் எழுதின டி மாத்திரையை நிறுத்திடாதீங்க, குறைபாடு நிஜமாவே நிறைய பேருக்கு இருக்கு. ஆனா வீட்ல யாராவது இந்த ஊசியோ மாத்திரையோ போட்டுட்டு இருந்து, மலச்சிக்கல், வாந்தி, தாகம், பேச்சுல குழப்பம் இப்படி வந்தா வயசாயிடுச்சு அப்படின்னு விட்டுடாதீங்க, அன்னிக்கே கால்சியமும் கிரியேட்டினினும் பாருங்க, சில நூறு ரூபாதான்.

அம்மாவுக்கு இப்போ பேச்சு தெளிவாயிடுச்சு, என் பேரு சொல்லிதான் கூப்பிடறாங்க. கால்சியம் 10.8, கிரியேட்டினின் 1.3ல நிக்குது, இன்னும் இறங்குமான்னு அடுத்த வாரம் பாக்கணும். ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடறேன்.