பன்னிரண்டு பறவைக்கு என்று விற்ற கூண்டு: எட்டு மாதம் வைத்துப் பார்த்ததில்

பெட்டியின் மேல் "10 முதல் 12 பறவைகள் வரை" என்று அச்சடித்திருந்தது. அதை நம்பித்தான் இந்த மரக்கூண்டை வாங்கினேன். எங்களிடம் வந்து சேர்ந்தவை மொத்தம் 10 பறவைகள்: ஐந்து விடைக்கோழி, மூன்று வாத்து, இரண்டு கின்னிக்கோழி. எட்டு மாதம் கழித்து இன்று அந்தக் கூண்டில் இரவு தங்குவது நான்கு கோழிகள் மட்டும். வாத்துக்கும் கின்னிக்கோழிக்கும் வேறு இடம் செய்துவிட்டோம். ஐந்தாவது கோழி இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்பதையும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே மாதிரிக் கூண்டு பல பெயர்களில் விற்கிறது, எல்லாவற்றிலும் அந்தப் பலவீனம் இருக்கக்கூடும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கால் வைத்து இரண்டடி உயரத்தில் நிற்கும் மரவீடு. உள்ளளவு நான்கடிக்கு மூன்றடி. பக்கத்தில் ஆறடிக்கு நான்கடி கம்பிவலைத் திடல். வீட்டிலிருந்து திடலுக்கு இறங்க ஒரு ஏணிப்பலகை. பின்பக்கம் இரண்டு முட்டைப்பெட்டி. தரைக்குக் கீழே இழுத்து எடுக்கிற எச்சத்தட்டு. நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்று மணி நேரத்தில் பூட்டி முடித்தோம். துளைகள் எல்லாம் சரியாகப் பொருந்தின, திருகுகள் இரண்டு மிச்சமே இருந்தன. மரவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கூண்டில் எனக்கு மிகவும் பயன்பட்ட அம்சத்தை விளம்பரத்தில் சொல்லவே இல்லை. திடல் பகுதியை நான்கு கொக்கிகளைக் கழற்றி முழுசாகத் தனியே எடுத்துவிடலாம். மூன்று கோழியை ஓரிடத்திலும் மற்ற இரண்டை வேறோரிடத்திலும் வாங்கியிருந்தோம். புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதமாவது தனியே வைத்துப் பார்க்காமல் மற்றவற்றோடு விடக்கூடாது. அதனால் திடலைக் கழற்றித் தோட்டத்தின் மறுகோடியில் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, இரவில் உள்ளே ஒரு மரப்பெட்டி வைத்து, அந்த இரண்டையும் அதில் விட்டேன். தண்ணீர்க் கிண்ணம் தனி, செருப்புகூடத் தனி. ஒன்பதாம் நாள் காலையில் ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. எச்சத்தில் ரத்தம். மருத்துவர் எச்சத்தைச் சோதித்து ரத்தக்கழிச்சல் என்று உறுதிசெய்து, தண்ணீரில் கலக்க ஆம்ப்ரோலியம் கொடுத்தார். நான்கு நாளில் தலை நிமிர்ந்தது. முதல் நாளே ஐந்தையும் ஒன்றாக விட்டிருந்தால் ஈரமான தரை வழியாக எல்லாவற்றுக்கும் பரவியிருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே இந்தக் கூண்டின் மேல் எனக்கு நன்றி உண்டு. வாத்தும் கின்னிக்கோழியும் அந்த மாதம் முழுக்கக் கார் நிறுத்தும் கொட்டகையில் இருந்தன.

ஒரு மாதம் முடிந்து எல்லாவற்றையும் ஒரே கூண்டில் சேர்த்த பிறகுதான் அந்த "10 முதல் 12" எவ்வளவு தப்பான கணக்கு என்று தெரிந்தது. நான்கடிக்கு மூன்றடி என்றால் 12 சதுர அடி. அவர்கள் பறவைக்கு ஒரு சதுர அடி வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் வெளியே திரிகிற கோழிக்கே இரவில் தங்க மூன்று சதுர அடியாவது வேண்டும், நான்கு இருந்தால் நல்லது. அப்படியானால் இது நான்கு கோழிக்கான வீடு. அதுவும் கோழிக்கு மட்டும். வாத்தை இதே கணக்கில் சேர்க்க முடியாது என்பதை நான் மூன்றாம் நாள் இரவு கற்றுக்கொண்டேன்.

அன்றைக்கு ஏதோ தும்மல் சத்தம் கேட்டு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். கூரையைத் தூக்கிக் கோழிகள் உட்காரும் கட்டையின் உயரத்துக்குத் தலையை இறக்கினேன். ஒரே மூச்சில் கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது. அம்மோனியா. கோழி கட்டையில் ஏறி உட்கார்ந்து தூங்கும், வாத்து ஏறாது, தரையிலேயே படுக்கும். வாத்து எச்சத்தில் நீர் அதிகம். போதாததற்கு உள்ளே தண்ணீர்க் கிண்ணமும் வைத்திருந்தேன், மூன்று வாத்தும் அலகை முக்கி முக்கி மரச்சீவல் முழுவதையும் கஞ்சி மாதிரி ஆக்கியிருந்தன. அந்த ஈரத்திலிருந்து கிளம்பிய வாயுவைத்தான் மேலே இருந்த ஐந்து கோழிகளும் மூன்று இரவாக மூச்சு வாங்கியிருக்கின்றன. கையில் ஒரு பிடி கூளம் எடுத்துப் பிழிந்தேன், விரலிடுக்கில் சொட்டியது. எனக்கு அழுகையே வந்தது. அந்த ராத்திரியே கூளத்தை எல்லாம் வாரிக் கொட்டிவிட்டு வாத்துகளைத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

ஈரம் தரைக்கு வாத்தால் வந்தது, உண்மைதான். ஆனால் காற்றோட்டம் இருந்திருந்தால் இவ்வளவு தேங்கியிருக்காது. இந்த வீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு சன்னல். அதுவும் கோழி உட்காருகிற மட்டத்துக்கு நேராக, காற்று நெஞ்சில் அடிக்கிற மாதிரி. கெட்ட காற்று மேலே எழுந்து வெளியேற வழியே இல்லை. மறுநாள் கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் நீளவாக்கில் மரத்தை வெட்டி, அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை அடித்தோம். வெட்டுவதற்கு மனசு வரவில்லை, புதுப்பொருள். ஆனால் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. இப்போது காலையில் திறந்தால் காய்ந்த மர வாசனைதான்.

அடுத்தது உட்காரும் கட்டை. இது வடிவமைப்பிலேயே உள்ள பிழை. கட்டை தரையிலிருந்து ஆறு அங்குலம், முட்டைப்பெட்டியின் விளிம்பு எட்டு அங்குலம். கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடித்தான் தூங்கப் போகும். அதனால் ஐந்தும் முட்டைப்பெட்டிக்குள் அடைந்துகொண்டு அங்கேயே எச்சமிட்டன. முட்டை இட ஆரம்பித்தபோது ஒவ்வொரு முட்டையும் கறையோடு வந்தது. கூடவே கட்டை உருளையான ஓர் அங்குலக் குச்சி. இரண்டு அங்குல அகலத்தில், மேல்பக்கம் தட்டையாக, ஓரம் மழுங்கலாக இருந்தால்தான் கோழி பாதத்தை விரித்து நிம்மதியாக உட்காரும், குளிரில் வயிற்று இறகால் விரலையும் மூடிக்கொள்ளும். பழைய கதவுச் சட்டத்தை இழைத்து, 18 அங்குல உயரத்தில் மாட்டினோம். பெட்டிக்குள் தூங்கும் பழக்கம் விட நான்கு நாள் பிடித்தது. ஒவ்வொரு இரவும் நானே தூக்கிக் கட்டையில் உட்காரவைத்தேன்.

ஏணிப்பலகை கோழிக்குப் பரவாயில்லை. வாத்துக்கு ரொம்பச் செங்குத்து. வாத்தின் கால் நீந்துவதற்கு ஆனது, அதில் சுளுக்கும் அடியும் சீக்கிரம் படும். எங்கள் ஆண்வாத்து இரண்டாம் நாளே பலகையின் ஓரத்திலிருந்து நழுவி ஒரு வாரம் நொண்டியது. அந்த ஆண்வாத்தைப் பற்றி இன்னொன்று: பருவத்துக்கு வந்ததும் கோழிகளின் மேல் ஏறப் பார்த்தது. சேவலுக்கு இல்லாத உறுப்பு ஆண்வாத்துக்கு உண்டு, கோழிக்கு உள்ளே காயம் பட்டு உயிருக்கே ஆபத்தாகும். இதனாலும் வாத்தையும் கோழியையும் ஒரே அறையில் அடைக்க வேண்டாம் என்பேன்.

கின்னிக்கோழிகளின் கதை சுருக்கமானது. அவை உள்ளே ஒரு நாளும் நிம்மதியாக இருக்கவில்லை. ஆளுயரத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்தால்தான் அவற்றுக்குத் தூக்கம். கொட்டகை உத்தரத்தில் ஒரு நீளக் கம்பு கட்டி, ஆறு வாரம் வெளியே விடாமல் அங்கேயே பழக்கினோம். இப்போது இருட்டுவதற்குள் தானாகவே திரும்பி வருகின்றன.

இப்போது கம்பிவலை. திடலுக்குப் போட்டிருப்பது அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, சட்டத்தில் சின்னப் பின் வைத்து அடித்தது. கோழியை உள்ளே நிறுத்த அது போதும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அதனால் முடியாது. மூன்றாம் மாதம் ஒரு நாள் மாலை மழை, கோழிகளை எண்ணிப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டேன். கழுத்தில் சாம்பல் நிறம் கொண்ட கோழி ஏணிக்குக் கீழேயே ஒதுங்கி நின்றிருக்கிறது. விடிந்து பார்த்தபோது வலையின் கீழ்மூலையில் வரிசையாக ஏழு பின்கள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. என் முட்டி அளவு ஓட்டை. கம்பி நுனியில் இரண்டு சாம்பல் இறகு ஒட்டியிருந்தது. ஈர மண்ணில் சின்னச் சின்ன நகத்தடம். எண்ணாமல் சாத்தியது என் தப்பு. ஆனால் திடல் "பாதுகாப்பானது" என்று எழுதி விற்பவர்கள் ஒரு கீரியோ பூனையோ இழுத்தால் வந்துவிடுகிற பின்னை அடிக்கக் கூடாது. அந்த வாரமே தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை அரை அங்குலப் பற்றவைத்த வலை, திருகும் வட்டத்தகடும் வைத்து இறுக்கினோம். தரைமட்டத்தில் வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்கு அதே வலையை விரித்துக் கல் வைத்துவிட்டோம், தோண்டி வருவதைத் தடுக்க. கதவின் சுழல்தாழும் காற்றில் அதிர்ந்தே திறந்துகொள்கிறது. அதற்கு ஒரு கொக்கிப்பூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கூரை முழுசாகத் திறக்கும், கட்டை கையோடு கழன்று வரும். வெயில் ஏறிய மாதத்தில் கோழிகளின் கொண்டை வெளிறி, முட்டை குறைந்தது. ராத்திரி போய் வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன், ரத்தக்கோடு. சிவப்பு உண்ணி. பகலில் மர இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் ரத்தம் குடிக்க வரும். வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து முடிக்க ஒரு வாரம் போதும் அதற்கு. அதனால் மருந்தடித்து விட்டுவிடாமல் ஆறாம் நாள் மறுபடி அடித்தோம். எல்லாப் பலகையையும் கழற்ற முடிந்ததால்தான் இரண்டே தடவையில் தீர்ந்தது. கழற்ற முடியாத கூண்டாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ.

தீவனத்துக்கும் கூண்டுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், கலந்து வளர்க்க நினைப்பவர்களுக்காக ஒன்று. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம், முட்டையிடாத பறவைக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாங்கள் எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனமே வைத்து, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறோம், வேண்டியது எடுத்துக்கொள்ளும். வாத்துக்குஞ்சு என்றால் நியாசின் என்ற வைட்டமின் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையும்.

சரி, வாங்கலாமா? மூன்று அல்லது நான்கு கோழி வைத்திருப்பவர்கள், மேலே சொன்ன மாற்றங்களைச் செய்யத் தயாராக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வாத்து வைத்திருப்பவர்கள் தரையோடு இருக்கும் தாழ்வான கொட்டில் பாருங்கள்.

எச்சத்தட்டு மரத்தட்டாகத்தான் வந்தது, முதல் மழைக்கே ஊதி உள்ளே இறுகிக்கொண்டது. விற்றவர்களுக்குப் புகைப்படம் அனுப்பினேன். ஒரு வாரத்தில் பிளாஸ்டிக் தட்டு வந்தது, அதே அளவு, கேட்ட உடனே மாற்றிக் கொடுத்தார்கள். வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.