பழைய சேலையில் போர்வை: ஒட்டுத்துணியா, அடுக்கித் தைப்பதா?

அப்பத்தா தவறின பிறகு அவர் பீரோவில் இருந்த சேலைகளோடு, அத்தை, பெரியம்மா, சித்தி என்று ஆளுக்கொன்றாக "இதையும் சேர்த்துக்கோ" என்று கொடுத்ததில் என்னிடம் 11 சேலையும் தாத்தாவின் 2 வேட்டியும் சேர்ந்துவிட்டன. அதில் இரண்டு போர்வை தைத்தேன், இரண்டு விதமாக. ஒன்று, 8 சேலைகளிலிருந்து சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, வேட்டியை அடித்துணியாக்கி, நடுவே பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வைத்து மிஷினில் தைத்தது. இன்னொன்று, மிச்சம் 3 சேலையை முழுசாக அடுக்கிக் கையால் தைத்தது. நான் இரண்டாவது கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுத்துணி பார்க்க அழகு, யார் கொடுத்ததும் விடுபடாது, மிஷின் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். இதில் வாதாட ஒன்றுமில்லை.

வம்பு துவைக்கும்போதுதான் வரும். பலர் கொடுத்த துணி என்றால் பல ரகம் இருக்கும். அதிகம் துவைக்காத நூல் சேலை சுருங்கும், பக்கத்தில் இருக்கிற பூனம் சேலைத் துண்டு சுருங்காது, அதனால் நேராகத் தைத்த சதுரமெல்லாம் முதல் துவைப்பிலேயே அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. பெரியம்மாவின் பட்டு, மடித்த இடத்தில் ஏற்கெனவே நைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை, தையல் ஓரமாகவே கிழிந்தது. சித்தியின் சேலை ஒன்றிரண்டு முறைதான் கட்டியது, அதன் அரக்குச் சாயம் பக்கத்து மஞ்சளில் இறங்கியது. (வெட்டுவதற்கு முன்னால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும். அவசரம்.) பஞ்சு ஷீட்டை நாலு அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டாவது பிடித்து நிறுத்தியிருக்கலாம், நான் தாராளமாக விட்டுவிட்டதில் அது உள்ளே உருண்டு கட்டிகட்டியாகிவிட்டது. ஈரத்தோடு தூக்கிக் கொடியில் போட இரண்டு பேர் வேண்டும். அதற்குப் பயந்தே யாரும் அதைப் போர்த்துவதில்லை, இப்போது பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது.

அடுக்கித் தைப்பது மற்ற மாநிலங்களில் சர்வசாதாரணம். மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி, வங்காளத்தில் காந்தா. வங்காளத்தில் பழைய சேலைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைத்திருக்கிறார்கள், கடைக்குக்கூடப் போகவேண்டியதில்லை. கணக்கும் சுலபம். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டி இரண்டு பாதியையும் பக்கவாட்டில் சேர்த்தால் ஏறக்குறைய 9 அடிக்கு ஏழரை அடி. அப்படி மூன்று அடுக்கு, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் சாதாரணத் தையல், விரற்கடை அகலத்துக்கு ஒரு வரிசை. சாயங்காலம் டிவி பார்த்தபடியே தைத்து எனக்கு நாலு மாதம் ஆனது. நூல் சேலை மட்டும்தான் சேர்த்தேன். வருஷக்கணக்கில் கட்டித் துவைத்த சேலை என்பதால் இனிமேல் சுருங்க ஒன்றுமில்லை, சாயமும் போகிற வரைக்கும் போய்விட்டது. கண்டாங்கி மாதிரி கெட்டித் துணியைத் தவிர்த்துவிடுங்கள், மூன்று அடுக்குக்கு ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும். மற்றபடி வாஷிங் மெஷினில் போடுகிறேன், நல்ல வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது, எங்காவது நைந்தால் மேலே ஒரு துண்டு வைத்துத் தைத்துக்கொள்கிறேன்.

ஒன்று உண்டு, கொடைக்கானல் குளிருக்கு இது போதுமா என்று கேட்டால் நான் மதுரை வெயிலில் இருக்கிறவள், உறுதியாகச் சொல்ல மாட்டேன். பஞ்சு வைத்தது அங்கே ஜெயிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான 'சித்தி' (Siddi) சமூகப் பெண்களின் கவண்டி முறையும் இருக்கிறது. ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கிச் சுற்றி வருவார்கள், எல்லோர் துணிக்கும் இடம் கிடைக்கும். தலையணை உறை அளவுக்கு ஒன்று தைத்துப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. பெரிய போர்வையை நான் முயன்றதில்லை.

அடுக்கித் தைப்பதில் வீட்டு அரசியல் ஒன்று இருக்கிறது. யார் சேலை மேலே? அப்பத்தாவின் சுங்குடியை மேலே வைத்ததில் அத்தையின் பச்சைச் சேலை நடுவில் மறைந்துபோனது. போன மாதம் கால்மாட்டில் சுங்குடி தேய்ந்து பச்சை எட்டிப் பார்க்க, போட்டோ எடுத்து அனுப்பினேன். "அதான் அப்பவே என்னுதை மேல வைன்னு சொன்னேன்" என்றார் அத்தை.