லோகாஸ்ட் கட்ட எந்தக் காரைப் பிரிப்பது: எஸ்கார்ட்டா, சியராவா, எம்எக்ஸ்-5ஆ?

பிரிட்டனில் வீட்டு கராஜிலேயே கட்டப்படும் ஸ்போர்ட்ஸ் காருக்கு லோகாஸ்ட் என்று பெயர். 1957இல் வந்த லோட்டஸ் செவனின் சாயலில், 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சேஸி தயாராகும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் ஒரு பழைய டோனர் காரிலிருந்து, அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் காரிலிருந்து, வரும். 1990களில் 250 பவுண்டில் முடித்துவிடலாம் என்று பேச்சு. இன்று நாலு நல்ல டயர் வாங்கினாலே அந்தக் காசு காலி.

அப்போதைய செல்லப்பிள்ளை ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2. பின்சக்கர இயக்கம், அகலம் குறைந்த லைவ் ஆக்சில் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சு). ஒல்லியான லோகாஸ்ட் சேஸிக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்காரும். ஆனால் முன்பக்கம் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த உயரமான தூண். லோகாஸ்ட்டுக்கோ முன்னால் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் முக்கோணக் கை) வேண்டும். அதைப் பொருத்த ஃபோர்டு கார்ட்டினாவின் அப்ரைட்டை (சக்கர ஹப்பைத் தாங்கும் துண்டு) தனியாகத் தேட வேண்டும். தவிர, 1980இல் உற்பத்தி நின்ற கார் இது, ராலி பிரியர்கள் விலையை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். ஓடுகிற நிலையில் ஒன்று கிடைத்தால் அதை வெட்டுவது அநியாயம். பேசாமல் விற்றுவிட்டு அந்தப் பணத்தில் வேறு காரைப் பிரிக்கலாம்.

அடுத்து வந்தது ஃபோர்டு சியரா. பின்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், டைப் 9 என்ற ஐந்து கியர் பாக்ஸ். இதிலும் முன்னால் ஸ்ட்ரட்தான். அதற்கு லோகாஸ்ட்காரர்கள் கண்டுபிடித்த வழி அழகானது: அப்ரைட்டில் ஸ்ட்ரட் நுழையும் ஓட்டையில், கடைசலில் கடைந்த காளான் வடிவ உலோகத் துண்டு ஒன்றைச் செருகி, அதன்மேல் மேல்விஷ்போனின் பால் ஜாயின்ட்டை மாட்டுவார்கள். பின்பக்கம் டிஃபரன்ஷியலும் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஹப்பும் மட்டும் சியராவுடையது, சஸ்பென்ஷன் ஆர்ம்களை நாமே செய்ய வேண்டும். சியராவில் வரும் பின்டோ எஞ்சின் உழைக்கும், ஆனால் வார்ப்பிரும்பு, கனம்.

என் ஓட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு, அதிலும் 1989இல் அறிமுகமான முதல் தலைமுறைக்கு. நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன், ஆகவே காளான் வேலையே கிடையாது. 1.6 லிட்டர் எஞ்சின் சுமார் 115 குதிரைத்திறன் தரும். 600 கிலோவை ஒட்டிய காருக்கு அது தாராளம். பிரிட்டிஷ் மழையிலும் சாலை உப்பிலும் இந்தக் காருக்கு முதலில் துருப்பிடிப்பது கதவுக்குக் கீழுள்ள சில் பகுதி. பாடி போய், எஞ்சின் நன்றாக இருக்கும் கார். நமக்கு வேண்டியதும் அதுதானே? தொல்லை இல்லாமல் இல்லை. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீள அலுமினிய பீம் இணைக்கிறது. அதைக் கழற்றினால் இரண்டுக்கும் தனித்தனி மவுன்ட் போட வேண்டும். ஹப் அகலம் கூடுதல் என்பதால் லோகாஸ்ட்டின் பழைய சேஸி வரைபடத்தை அப்படியே வைத்து வெல்டிங்கில் இறங்கக் கூடாது. வயரிங்கை முழுசாக, லேபிள் ஒட்டி எடுங்கள்.

யமஹா ஆர்1, ஹயபுசா போன்ற பைக் எஞ்சின்? டிராக்குக்குச் சரி. ரிவர்ஸ் கியர் கிடையாது, வளைவில் சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். தினசரி சாலைக்கு வேண்டாம்.

அப்புறம், எதைப் பிரித்தாலும் சாலையில் ஓட்டுமுன் ஐவிஏ, அதாவது தனி வாகனத்துக்கான அரசு ஒப்புதல் சோதனை உண்டு. புகை அளவு எஞ்சினின் வயதைப் பொறுத்தது என்பதால், டோனர் காரின் ஆவணங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சேஸியையும் நீங்களே செய்திருந்தால் பெரும்பாலும் வயதோ அடையாளமோ உறுதியாகாத வண்டிக்குத் தரும் க்யூ எழுத்து நம்பர் பிளேட்தான் கிடைக்கும்.