ஜென் கெமை எங்கே படிப்பது: ஏபியா, கம்யூனிட்டி காலேஜா, யூனிவர்சிட்டியா?

கலிஃபோர்னியாவில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எப்படியும் ஒரு நாள் வந்துவிடும். கல்லூரி முதல் வருட ஜெனரல் கெமிஸ்ட்ரியைப் பள்ளியிலேயே ஏபியாக (தேர்வில் நல்ல ஸ்கோர் வந்தால் கல்லூரிக் கிரெடிட் கிடைக்கும் பள்ளிப் பாடம்) முடித்துவிடலாமா, பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பொதுக் கல்லூரி) எடுக்கலாமா, இல்லை யூனிவர்சிட்டிக்குப் போன பிறகே படிக்கட்டுமா? எங்கள் குடும்பத்தில் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. மகள் ஏபி, மகன் கம்யூனிட்டி காலேஜ், அக்கா மகன் யூனிவர்சிட்டி.

எல்லோரும் முதலில் கேட்பது பணம்தான். ஏபி தேர்வுக்கு ஏறத்தாழ நூறு டாலர். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர், ஐந்து யூனிட் பாடத்துக்கு 230. பள்ளியில் படித்துக்கொண்டே எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. ஆனால் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்களில் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை. முழுநேர மாணவர் மூன்று பாடம் எடுத்தாலும் நான்கு எடுத்தாலும் அதே தொகைதான். அதனால் ஒரு பாடத்தை முன்கூட்டி முடித்தால் ஆயிரக்கணக்கில் மிச்சம் என்பது, பட்டத்தையே சீக்கிரம் முடித்தால்தான் உண்மை. எங்கள் மகள் முடிக்கவில்லை. மிச்சமான நேரத்தில் வேறு பாடங்களை எடுத்துக்கொண்டாள்.

உண்மையான வித்தியாசம் மதிப்பெண் எங்கே பதிவாகிறது என்பதில் இருக்கிறது. ஏபியில் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்கோர். இரண்டு வந்தால் அதை அனுப்பாமல் விட்டுவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் வாங்கும் கிரேடு அப்படி இல்லை, அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவில், ஏறிவிடும். மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பிக்கும் ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்ப முறையில், பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்தே ஜிபிஏ எனும் சராசரி கிரேடைக் கணக்கிடுகிறார்கள். திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய கிரேடும் சேர்ந்தே எண்ணப்படும். மகனைப் பதினாறு வயதில் சேர்த்துவிட்டபோது இது எனக்குத் தெரியாது. அவன் வாங்கிய பி மோசமான கிரேடு இல்லைதான். ஆனால் டாக்டராக வேண்டும் என்கிற பையனிடம், சரி, முயன்று பார் என்று சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும்.

அதற்காக ஏபி பத்திரமான வழி என்றும் சொல்லிவிட முடியாது. சில மெடிக்கல் காலேஜ்கள் ஏபி கெமிஸ்ட்ரியை ஏற்கின்றன. சில, அதற்குப் பதிலாக மேல்நிலை வேதியியல் பாடம் ஒன்றைக் கேட்கின்றன. அப்புறம் லேப். ஏபி வகுப்பில் குறைந்தது 16 சோதனைகள் செய்யவேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது ஆசிரியரையும் பள்ளியின் வசதியையும் பொறுத்தது. மகளுக்கு நான்கு ஸ்கோர். 60 கொள்குறி வினாக்களையும் ஏழு எழுத்து வினாக்களையும் நன்றாகவே கையாண்டாள். பியூரெட்டை (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் லேப் குழாய்) திருகச் சொன்னால் இன்றும் தயங்குவாள்.

லேப் விஷயத்தில் கம்யூனிட்டி காலேஜ்தான் என்னைக் கவர்ந்தது. சின்ன வகுப்பு, பாடம் நடத்திய ஆசிரியரே லேபிலும் பக்கத்தில் நிற்கிறார். நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் போட்ட கரைசல் வெளிர் இளஞ்சிவப்பு ஆனதும் பியூரெட்டை நிறுத்தவேண்டும், அடர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து என்று மகனை நான்கு தடவை செய்ய வைத்திருக்கிறார். (மதுரையில் பிளஸ் டூவில் நாங்கள் பிப்பெட்டை வாயால் உறிஞ்சினோம் என்றேன். அவன் நம்பவில்லை. அவன் காலேஜ் லேபில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள்.)

யூனிவர்சிட்டியில் முந்நூறு பேர் உட்காரும் அரங்கம், மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கர்வ் போட்டுக் கிரேடு, லேபில் ஆராய்ச்சி மாணவர்கள். "மாமா, புரொஃபசருக்கு என் முகமே தெரியாது" என்பான் அக்கா மகன். ஆனாலும் அவனுக்கு இருந்த ஒரு வசதி மற்ற இருவருக்கும் இல்லை. அடுத்த வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நடத்தப்போகும் அதே துறைதான் ஜென் கெமையும் நடத்துகிறது. எது முடிந்தது, எது பாக்கி என்ற குழப்பம் இல்லை.

இந்தக் குழப்பத்தைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலும் செமஸ்டர், ஒரு வருடப் பாடம் இரண்டு துண்டாக வரும். யூசியில் பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற இளநிலை வளாகங்களில் குவார்ட்டர், அதே பாடம் மூன்று துண்டு. ஒரு செமஸ்டர் மட்டும் முடித்துவிட்டுப் போனால் நடுவில் எங்கோ தொங்கவேண்டியதுதான். எடுத்தால் முழு வருடமும் ஒரே இடத்தில் எடுங்கள். எந்தப் பாடம் எங்கே எதற்குச் சமம் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

கோடையில் ஆறு, எட்டு வாரத்தில் முடிக்கும் வகுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மோல் கணக்கை எப்படியோ சமாளித்துவிடலாம். சமநிலை, பஃபர் கரைசல்கள் எல்லாம் மனதில் ஊறுவதற்குள் தேர்வே முடிந்துவிடும். ஓபன்ஸ்டாக்ஸின் இலவசப் புத்தகமும் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் வகுப்புகளும் கோடைக்கு நல்ல துணை. கிரெடிட் மட்டும் கிடைக்காது.

என்னைக் கேட்டால், கம்ப்யூட்டர், இன்ஜினியரிங் பக்கம் போகிற பிள்ளைக்கு ஏபி போதும். நான்கோ ஐந்தோ வாங்கிவிட்டு, சேரும் துறை அதை ஏற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி. டாக்டர் கனவுக்கு ஏபியை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, கிரெடிட்டை விட்டுவிட்டு யூனிவர்சிட்டியில் மறுபடி எடுப்பதே மேல். இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்து யூனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகப்போகிறவர் அங்கேயே முழு வருடமும் லேபோடு முடிக்கட்டும், தயக்கமே வேண்டாம். பாதிக் கிணற்றில் நிற்கும் எங்கள் மகன் இரண்டாம் பாதியையும் அதே கல்லூரியில், அதே ஆசிரியரிடம் எடுக்கப் பதிந்திருக்கிறான்.