பழைய வேனின் ஆட்டோ கியர்: எண்ணெயை வடிப்பதா, மெஷினால் தள்ளுவதா?

எங்கள் வேன் 2011இல் பதிவானது. விடியுமுன் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றித் தேக்காவில் இறக்கியாக வேண்டும். 2021இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்தோம்; சரக்கு வண்டிக்கு ஆயுள் 20 ஆண்டுதான் என்பதால் 2031 வரை இதே வேன்தான். பத்து வயது தாண்டியதும் ஆறு மாதத்துக்கொரு முறை சோதனைக்குப் போகிறோம். அங்கே பிரேக், புகை எல்லாம் பார்ப்பார்கள். கியர் எண்ணெயை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம் ஒரு கோளாறு தொடங்கியது. காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் இரண்டு விநாடி சும்மா நிற்கும், பிறகு ‘டொக்’கென்று பிடிக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துத் துடைத்தால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கடுங்காப்பி நிறம். ஒரு பட்டறையில் மெஷின் வைத்து முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றார்கள். காக்கி புக்கிட்டில் ஒரு சீன அங்கிள் தலையை ஆட்டி, “பெலான் பெலான், கொஞ்சம் கொஞ்சமா வடி” என்றார்.

மெஷின், கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயில் இணைந்து, பழையதை வெளியே தள்ளிப் புதியதை ஏற்றும். ஏறக்குறைய எல்லா எண்ணெயும் மாறிவிடும், ஒரே நாளில் வேலை முடியும். கணக்கு வைத்துச் சீராக எண்ணெய் மாற்றிவந்த வண்டிக்கு இது நல்ல வழிதான்.

அடித் திருகைக் கழற்றி வடித்தால் பாதிகூட வராது, மீதி, எஞ்சின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் என்று வைத்தால், மூன்று தடவையில் கிட்டத்தட்ட 78 சதவீதம் புதிதாகும். இடையிடையே சில நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், மூன்று முறை பட்டறை வாசலில் நிற்க வேண்டும். தினம் ஓடும் வண்டிக்கு அது பெரிய தொந்தரவு.

இருந்தும் நான் அங்கிள் பக்கம் சாய்ந்தேன். காரணம் கியர் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு. வடிக்கும்போது தட்டையும் கழற்றச் சொல்லலாம். மெஷின் போடும்போது பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. எங்கள் தட்டின் காந்தங்களில் மை போல ஒரு பசை, விரலால் தேய்த்தால் நறநறக்கவில்லை. அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லு கிடந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. உள்ளே இருப்பதைப் பார்க்காமல், பல வருடம் மாற்றாத பெட்டியில் அத்தனை எண்ணெயையும் ஒரே நாளில் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கிளறிவிட்ட கசடு, எண்ணெயை வழிப்படுத்திக் கியர் மாற்றும் வால்வு பாடியின் நுண்வழிகளில் போய் அடைக்கலாம். ஃபில்டரையும் அப்போதே மாற்றினோம்.

எந்த வழியானாலும் கையேட்டில் உள்ள எண்ணெய் வகையே வேண்டும். டொயோட்டாவிலேயே டி-4, டபிள்யூஎஸ் என இரண்டு உண்டு, ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக் கூடாது. அளவு பார்ப்பதும் முக்கியம்: வண்டி சூடேறி, சமதளத்தில், எஞ்சின் ஓடும்போது, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரும் போட்டு ‘பி’ (பார்க்) நிலைக்குத் திரும்பிய பிறகே டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும்.

பெட்டி நழுவத் தொடங்கி, முடுக்கினால் எஞ்சின் மட்டும் அலறினால், இதே பெட்டியைப் பிரித்துச் சீர்செய்யும் ஓவர்ஹாலா, வேறு வண்டியில் ஓடிய பழைய பெட்டியா என்பதுதான் கேள்வி. நானாக இருந்தால் ஓவர்ஹால். எங்கேயோ ஓடிய பெட்டியின் சரித்திரம் நமக்குத் தெரியாது. மேனுவலுக்கு மாறலாமே என்பவர்களுக்கு: இந்த வேனை ஓட்டும் என் தம்பி மகனிடம் இருப்பது ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டுமான 3ஏ உரிமம், அவனால் கிளட்ச் வண்டி ஓட்ட முடியாது.

மூன்றாவது வடிப்புக்குப் பிறகு ரிவர்ஸ் உடனே பிடிக்கிறது, ‘டொக்’ இல்லை. பாரத்தோடு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஏறும்போது ஓவர்டிரைவை, அதாவது மிக உயர்ந்த கியரை, அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வடிப்பு 20,000 கிலோமீட்டரில். அந்தக் கணக்கை டேஷ்போர்டில் ஒட்டிவைத்திருக்கிறான் பையன்.